அஞ்சலி எழுதுறதுக்கு முதல் அலுமாரியைத் திறவுங்கோ

பழைய வானொலி அறிவிப்பாளர் ஒருவர் காலமானால் எங்கட பேஸ்புக் முழுக்கக் கண்ணீர்தான். "அது ஒரு பொற்காலம்", "அந்தக் குரலோட எங்கட பால்யமும் போச்சுது" எண்டு ஆளாளுக்கு எழுதுவினம். எழுதுற ஆக்களில பாதிப்பேருக்கு வயது இருபத்திரண்டு, இருபத்திநாலு. சிற்றலை றேடியோவின்ர குமிழை ஒருநாளும் திருகிப் பார்க்காத கைகள். நாங்களும் அப்படி எழுதியிருக்கிறோம். அந்த வெட்கத்திலதான் இதை எழுதுகிறோம்.

இலங்கை வானொலி எங்களுக்குப் பாட்டுகளை அறிமுகப்படுத்திய காலம் முடிந்துவிட்டது. அதற்கு விடைகொடுக்கத்தான் வேணும். ஆனால் அழுது விடைகொடுக்கிறது வேற, கணக்குப் பார்த்து விடைகொடுக்கிறது வேற.

கணக்கைப் பார்ப்போம். அந்தப் பொற்காலம் வானத்திலயிருந்து விழவில்லை. இரண்டாம் உலகப்போரில் நேசப்படைகள் கொழும்பில் வைத்திருந்த பலமான ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கைக்குக் கிடைத்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1952இல் இந்தியாவில் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய ஒதுக்கியே விட்டார். அந்த இடைவெளியைக் கொழும்பு நிரப்பியது. 1957இல் விவித் பாரதி தொடங்கும்வரைக்கும், அதற்குப் பிறகும்கூட, தமிழ்நாட்டுச் சனம் தங்கட நாட்டுப் பாட்டைக் கடல் தாண்டி வந்த அலையில்தான் கேட்டது. மயில்வாகனனும், கே.எஸ். ராஜாவும், அப்துல் ஹமீதும், ராஜேஸ்வரி சண்முகமும் அப்படித்தான் இரண்டு கரையிலும் வீட்டுப் பெயர்களானார்கள்.

அவர்கள் செய்த வேலை என்ன? பாட்டைப் போட்டது மட்டுமில்லை. யார் பாடினது, யார் எழுதினது, யார் இசை எண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் பெயர் சொன்னார்கள். எங்கட அம்மம்மாமாருக்கு இண்டைக்கும் ஒரு பாட்டின் முதல் வரியோடு பாடலாசிரியரின் பெயரும் சேர்ந்தே வருது. எங்களுக்கு வருகுதா? போன கிழமை நூறு தரம் கேட்ட பாட்டை எழுதினது ஆர் எண்டு எங்களில எத்தனை பேருக்குத் தெரியும்?

"இப்ப எல்லாப் பாட்டும் போனில கிடக்குது, அறிமுகப்படுத்த ஆள் எதுக்கு?" எண்டு கேட்கிறவை இருக்கினம். ஸ்பொட்டிஃபை 2021இல் இலங்கைக்கு வந்தபோது நாங்களும் அப்படித்தான் துள்ளினோம். ஒரு நியாயமும் அதில் இருக்கு. அரச வானொலியில் எது ஒலிக்கும் எண்டதை ஒரு கட்டடத்துக்குள் இருந்த சிலர்தான் முடிவு செய்தார்கள். அந்த வாசல் இப்ப உடைந்திருக்கு. நல்லதுதான்.

ஆனால் போன் எங்களுக்குத் தருவது நாங்கள் ஏற்கெனவே கேட்டதின் சாயலை. யாரும் ஏற்றாத பாட்டை அதால தர ஏலாது. பெயரில்லாமல் ஏற்றினதைப் பெயரோடு தரவும் ஏலாது.

எங்கட ஊரையே எடுப்போம். நித்தி கனகரத்தினத்தையும் ஏ.ஈ. மனோகரனையும் ஊருலகமே அறியும். அதே ஈழத்து மெல்லிசை, பொப்பிசைக் காலத்தில் பரமேஸ், கோணேஸ் எண்டு இரண்டு சகோதரர்கள் பாடினார்கள், மேடை ஏறினார்கள், இசைத்தட்டும் வெளியிட்டார்கள். அவர்கள் திருகோணமலைக்காரர். உட்துறைமுக வீதியில் பின்னேரம் காத்து வாங்குற எங்கட வயதுப் பெடியளிட்டயும் பெட்டையளிட்டயும் இந்தப் பெயர்களைச் சொல்லிப் பாருங்கோ. முழிப்பினம். எங்களுக்கே ஒரு நண்பனின் அப்பா சொல்லித்தான் தெரியும். எந்தப் பட்டியலும் சொல்லவில்லை.

இன்னொன்றும் உறுத்துது. நிலாவெளியைத் தாண்டி வடக்கே போனால் பெரிய அன்ரனாக் கோபுரங்கள் நிற்கும். ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல தன் ஒலிபரப்பை ஆசியாவுக்கு அஞ்சல் செய்த நிலையம் அது. 2013இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. கண்டம் தாண்டிக் குரல் அனுப்புற கருவி எங்கட மாவட்டத்திலயே இருந்திருக்கு. ஆக, கருவி இல்லாததால் எங்கட பாட்டு மறக்கப்படவில்லை. "இதை ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" எண்டு சொல்ல ஆள் இல்லாமல்தான் மறக்கப்பட்டது.

அந்த ஆள் இனிக் கொழும்பிலயிருந்து வரமாட்டார். நாங்கள்தான்.

நேரமும் கனக்க இல்லை. போரும் இடப்பெயர்வும் எத்தனையோ வீடுகளைப் பாட்டுப் பெட்டியோடு தின்றன. மிச்சத்தில் 2004 டிசம்பர் 26 கடல் ஒரு பங்கை எடுத்தது. இன்னும் மிஞ்சின கசெற்றுகளை எங்கட உப்புக்காத்தும் பூஞ்சணமும் அலுமாரிக்குள்ளேயே அரிச்சுக்கொண்டிருக்கு. காந்த நாடா காத்திருக்காது.

அதனால் அடுத்த அஞ்சலியை எழுதுறதுக்கு முதல் மூண்டு வேலை. ஒண்டு, வீட்டு அலுமாரியைத் திறவுங்கோ. கோயில் திருவிழாவில் பதிந்த இசைக்குழு, கலியாண வீட்டுப் பாட்டு, ஊர் நாடகம் எண்டு என்ன கிடந்தாலும் கணினிக்கு மாற்றுங்கோ. இரண்டு, பெயர் எழுதுங்கோ. பாடினவர், எழுதினவர், வாசிச்சவர், இடம், ஆண்டு. தெரியாட்டி தெரிஞ்ச பெரியாக்களை இப்பவே கேளுங்கோ. ஈழத்து நூல்களை 2005இலிருந்து இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் திட்டமும் ஒருகாலம் ஒரு சிலரின் பிடிவாதம்தான். மூண்டு, ஒரு பாட்டையாவது இன்னொருவருக்குப் போட்டுக் காட்டுங்கோ. இணைப்பை வட்ஸ்அப்பில எறியிறதில்லை. பக்கத்தில இருந்து, ஆர், எங்க, ஏன் எண்டு சொல்லிப் போட்டுக் காட்டுறது.

அந்த அறிவிப்பாளர்களுக்கு எங்கட கண்ணீர் தேவையில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து பெயர் சொல்லுறதுதான் மரியாதை. நாங்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அலுமாரியிலிருந்து தொடங்குகிறோம். உங்கட வீட்டு அலுமாரியில என்ன கிடக்குது?