மலைக்கு நாள் குறித்தல்

வன்னிப் பெருநிலம் மலையற்ற நாடு. ஒன்றிரண்டு கற்பாறைக் குன்றுகளை நீக்கிப் பார்த்தால், கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ எத்திசை நோக்கினும் கண்ணை மறிப்பன காடும் குளக்கட்டுமே. இரணைமடுக் கட்டின்மேல் ஏறி நிற்பதையே உயரமென்று எண்ணி வளரும் நம் பிள்ளைகளுக்கு, 7,359 அடி உயர்ந்து நிற்கும் சிவனொளிபாத மலையை ஒரு முறையேனும் காட்டிவிட வேண்டுமென்று ஆசிரியர் ஒருவர் விரும்பினால் அவரை வாழ்த்தத்தான் தோன்றுகிறது. அம்மலை நமக்கு அயலானதன்று. மணிமேகலைக் காப்பியமே அதனைச் சமனொளி என்று பெயர் சுட்டிப் பேசுகிறது. சைவர் சிவபிரானின் திருவடி என்பர். பௌத்தர் புத்தர் பெருமானின் பாதம் என்பர். இசுலாமியர் ஆதத்தின் அடிச்சுவடு என்பர். ஒரு பாறைச் சுவட்டை இத்தனை மக்கள் தம்முடையதென்று வணங்கக் காண்பது மாணவர்க்கு ஒரு கல்வியே.

ஆனால் விருப்பம் ஒன்று. நாள் குறித்தல் வேறொன்று. நம்மவர் நாள் குறிக்கும் முறை எனக்கு உடன்பாடானதன்று. விடுமுறை எப்போது, பேரூந்து எப்போது கிடைக்கும், பெற்றோரிடம் பணம் எப்போது சேரும் என்ற மூன்று கேள்விகளோடு திட்டம் முடிந்துவிடுகிறது. மலையின் வானத்தை எவரும் கேட்பதில்லை. கேட்பவரும் நம்முடைய வானத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, அங்கும் அப்படித்தான் என்று அமைதி கொள்கின்றனர்.

ஆகஸ்டு விடுமுறையை எடுத்துக்கொள்வோம். அப்போது வன்னியில் குளங்கள் வற்றி, சோளகம் புழுதி கிளப்பும். பயணத்துக்கு இதனினும் ஏற்ற காலம் உண்டோ என்று தோன்றும். ஆயின் அதே தென்மேல் காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சாய்வுகளில் மோதி, கடலிலிருந்து கொணர்ந்த ஈரத்தையெல்லாம் அங்கே இறக்கிவிடுகிறது. நமது தட்டை நிலத்தில் அதனைத் தடுத்து உயர்த்துவதற்கு ஒன்றுமில்லாமையால் வெறுங்காற்றாய்க் கடந்து போகிறது. அம்மேற்குச் சாய்வுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெறும் இடங்கள் உள்ளன. நமக்குக் கிடைப்பது அதில் மூன்றிலொரு பங்கும் இராது, அதுவும் பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில். நம் புழுதிக் காலமே மலையின் மாரிக் காலம். இதனைப் புவியியல் வகுப்பில் வரைபடம் வரைந்து கற்பிக்கும் நாமே, பயணம் என்று வந்தவுடன் மறந்துவிடுகிறோம்!

மலையடிவாரத்து மக்கள் மறப்பதில்லை. மார்கழிப் பூரணையில் தொடங்கி வைகாசிப் பூரணையோடு யாத்திரைப் பருவத்தை முடித்துவிடுகின்றனர். அதன்பின் படிகளில் விளக்கில்லை. வழிநெடுகத் தேநீர்க் கடைகளும் இல்லை. சமன் தெய்வத்தின் திருவுருவத்தைக்கூடப் பெல்மதுளை விகாரைக்கு இறக்கிக் கொண்டுபோய்விடுகின்றனர். தெய்வமே இறங்கிவிட்ட மலையில், இருளிலும் மழையிலும் நாற்பது பிள்ளைகளை ஏற்றுவது எவ்வகைப் பக்தி?

பருவ காலத்துக்குள்ளும் எல்லா நாட்களும் ஒன்றல்ல. டிசம்பர் விடுமுறையில் மலை திறந்திருக்கும். நமது பாதைதான் நீரில் கிடக்கும். 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட, கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்கள் வெள்ளத்துள் அகப்பட்டதை நாம் மறந்திருக்க முடியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த மழையில் மலையகச் சரிவுகள் பெயர்ந்து வீழ்ந்தன; நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அத்தகைய மழை குடித்த மண், வானம் வெளித்த மறுநாளே உறுதி பெற்றுவிடுவதில்லை. சித்திரை விடுமுறையிலோ காலை தெளிவாயிருந்து பிற்பகலில் இடியும் மின்னலும் கூடும். திறந்த உச்சியில் மின்னலுக்கு ஒதுங்க இடமேது? பூரணை நாட்களையும் வார இறுதிகளையும் பற்றித் தனியே சொல்ல வேண்டுவதில்லை. அன்று மலையை மறைப்பது முகிலன்று, மனிதர்.

இந்த அறிவு நம்மிடம் இல்லாமற் போனதற்கு ஒரு காரணம் உண்டு. 1990 முதல் 2002 வரை ஏ9 வீதி மூடிக் கிடந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடப்பட்டு, 2009 வரை போர் நடந்தது. ஒரு தலைமுறை ஆசிரியர்கள் தெற்கே பிள்ளைகளை அழைத்துச் செல்லாமலே ஓய்வு பெற்றனர். எந்த மாதம், எந்த வழி, எந்த வேளை என்று மூத்தவர் இளையவர்க்குச் சொல்லும் சங்கிலி அங்கே அறுந்தது. கதிர்காமப் பாதயாத்திரையில் அச்சங்கிலி முற்றாக அறவில்லை: வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் கண்டு, ஆடிக்கு முன் வறண்ட கிழக்குக் கரை வழியே நடந்து சேர்வதென்பது வானத்தோடு பொருத்திய கணக்கன்றோ?

மலையைக் குறித்த அறிவும் தொலைவில் இல்லை. 1977ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் மலைநாட்டுத் தோட்டங்களை விட்டு வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்கள் எத்தனை! அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளிலேயே அமர்ந்திருக்கின்றனர். அட்டை எப்போது மிகும், பனிமூட்டம் எத்தனை மணிக்குக் கலையும், எக்காற்றுக்குப் பின் மழை வரும் என்பவற்றை அவ்வீடுகளின் பாட்டிமார் அறிவர். அவர்களிடம் கேட்கச் சென்ற பயண ஒழுங்குக் குழு ஒன்றையும் நான் கண்டதில்லை.

1344இல் இத்தீவுக்கு வந்த மொறொக்கோ நாட்டு யாத்திரிகர் இபுனு பத்தூத்தா, புத்தளத்தில் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு அம்மலைக்குச் செல்ல விரும்பியபோது, மன்னன் பல்லக்கும் சுமையாட்களும் மட்டும் கொடுத்தானல்லன். ஆண்டுதோறும் அங்கு யாத்திரை செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும் உடன் அனுப்பினான். அட்டைகளைப் பற்றியும், அவற்றின்மேல் பிழிய எலுமிச்சங்காய் வைத்திருப்பது பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். மேலேறியபோது முகில்கள் தமக்குக் கீழே நின்று மலையடிவாரத்தை மறைத்ததையும் எழுதியிருக்கிறார். அறிந்தவரோடு சென்ற யாத்திரை அது.

இன்று நமக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் முன்னறிவிப்புத் தமிழிலேயே கிடைக்கிறது. மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் வெளியிடுகிறது. ஆனால் அறிவிப்பைக் கேட்டுப் பயன் என்ன, திரும்பிவர நமக்குச் சுதந்திரம் இல்லாதபோது? பணம் கட்டியாயிற்று, பேரூந்து இரவோடிரவாகத் திரும்ப வேண்டும் என்ற நிலையில் அற்றன் வரை சென்ற அதிபர், நல்லதண்ணியில் மழையைக் கண்டு ‘வேண்டாம்’ என்று எப்படிச் சொல்வார்? ஆகவே ‘வேண்டாம்’ என்ற சொல்லைப் புறப்படுமுன்பே திட்டத்தில் எழுதிவிட வேண்டும். ஓரிரவுக்குப் பதில் ஈரிரவு தங்க ஒழுங்கு செய்வதும், ஏறுவதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒருவரிடமே விடுவதும், உச்சியைக் காணாமலே திரும்பக் கூடுமென்று பெற்றோருக்கு முன்னரே சொல்லிவைப்பதும் செலவை ஏற்றும் என்பது மெய்தான். அச்செலவு இயலாதெனின், இவ்வாண்டு போகாதிருப்பதே தகும்.

என்னைக் கேட்டால் விடுமுறைகளை விட்டுவிடுங்கள் என்பேன். பாடம் கெடும் என்போர்க்கு, பருவக்காற்றைப் பற்றி இதனினும் சிறந்த பாடத்தை எந்தக் கரும்பலகையில் எழுதுவீர்கள் என்று கேட்கிறேன். மாசிப் பூரணை கழிந்த வாரத்தின் நடுநாட்கள் ஏற்றவை. அப்போது மாரி நம்மை விட்டு நீங்கியிருக்கும். சித்திரை இடி இன்னும் கூடியிராது. பெரும்போக அரிவி வெட்டு முடிந்த வீடுகளில் கையில் சிறிது பணமும் இருக்கும். விடியுமுன் உச்சியில் நிற்கும் வன்னிப் பிள்ளை அதுவரை அறியாத குளிரை அறியும். ஆகவே கம்பளிச் சட்டை இல்லாத பிள்ளைகளின் பட்டியலைத் தைப்பொங்கலுக்கு முன்னரே எடுத்துவிடுவது நல்லது. இரண்டு பாடசாலை நாட்களைக் கேட்கும் விண்ணப்பத்தையும் அப்போதே எழுதலாம்.