‘லயம்’ என்னும் சொல்

ஒருபொருட் பன்மொழி என்று இலக்கணம் கூறும் சொற்கள் வாழ்க்கையிலும் ஒரு பொருளையே குறிக்கும் எனக் கருதுவோர், நுவரெலியாவிலோ அட்டனிலோ ஒரு தேயிலைத் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பாராக. துரை வாழ்வது பங்களா. உத்தியோகத்தர் வாழ்வது குவார்ட்டர்ஸ். தொழிலாளர் வாழ்வது லயம். மூன்றும் மனிதர் உறையும் இடங்களே. எனினும் ஒன்றன் பெயரை மற்றொன்றற்கு இட்டு வழங்குவார் எவருமிலர். ஈண்டு ஒத்த சொற்கள் படிநிலையின் அடையாளங்களாகி நிற்கின்றன.

‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லே நம்மவர் நாவில் லயமாயிற்று. கோடு, வரிசை, நிரல் என்பனவே அதன் பொருள்கள். பங்களா என்பது தனிமனையைச் சுட்டும். குவார்ட்டர்ஸ் என்பது பதவியோடு வரும் உறைவிடத்தைச் சுட்டும். லைன் என்பதோ, அடிப்படையில், உறைவிடத்தைச் சுட்டும் சொல்லே அன்று. ஆங்கிலேயர் படைவீரர்க்கு நிரலாகக் கட்டிய கொட்டில்களுக்கு அப்பெயரை வழங்கினர். மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலும் அதுவே வழங்கிற்று. ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள ஒரு காம்பராவில் ஒரு குடும்பம் அடங்க வேண்டும் என வகுத்தவன், வரிசைகளை எண்ணினானேயன்றி மனிதரை எண்ணினானல்லன். அவன் இட்ட பெயர் அவன் நோக்குக்குப் பொருத்தமானதே.

அச்சொல் இழிவுடையது, அதனை நீக்கிக் ‘குடியிருப்பு’ எனவோ ‘தொடர்மனை’ எனவோ எழுதுக என நண்பர் சிலர் கூறுவர். அவர்தம் நல்லெண்ணத்தை ஐயுறேன், முடிவை ஏற்கேன். கூரை ஒழுகுகையில் பெயருக்கு வெள்ளையடிப்பதனால் விளையும் பயன் யாது? குடியிருப்பு என்னும் சொல் குடியிருக்கும் உரிமையை உணர்த்துவது. லயத்துக் காம்பராவோ தொழிலோடு பிணைக்கப்பட்டது. தொழில் போயின் கூரையும் போகும் என்னும் அச்சம் தலைமுறைகளாகத் தொடர்ந்தது. இல்லாத உரிமையை இருப்பதாகக் காட்டும் இனிய சொல், கசப்பான உண்மைச் சொல்லினும் கொடிது.

ஆட்சி மாற்றங்களும் இதனையே மெய்ப்பிக்கின்றன. 1975 இல் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலங்கள் அரசுடைமையாயின. 1992 இல் தோட்ட நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. முதலாளி மாறினான், லயம் மாறவில்லை. 2015 இல் ‘புதிய கிராமங்கள்’ என்னும் பெயரோடு ஓர் அமைச்சே அமைந்தது; ஏழு பேர்ச் காணியில் தனி வீடு என்னும் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு எழுந்த வீடுகளை வீடு என்றே அழைப்போம், அது நியாயம். ஆயின் இன்னும் லயங்களில் வாழ்வோர் பல்லாயிரவர். அவர்தம் காம்பராக்களுக்கும் அப்பெயரைக் கடனாகக் கொடுத்தல் நியாயமன்று.

ஆகவே, மாணவர்காள், உங்கள் ஆய்வேடுகளில் லயத்தை லயம் என்றே எழுதுங்கள். அச்சொல்லை ஒழிக்கும் உரிமை சொல்லாக்கக் குழுவுக்கு உரியதன்று. காணியுறுதி கையில் இருக்க, கதவில் இலக்கம் இருக்க, தன் பெயருக்கு வரும் கடிதம் தோட்டக் கந்தோரைச் சுற்றாது தன் வாசலுக்கே வரக் காணும் நாளில், அத்தொழிலாளியே அதனை ஒழிப்பான். அதுவரை அது நம் செவியை உறுத்தட்டும், உறுத்தவே வேண்டும்.