நோயாளியா, குற்றவாளியா?

போதைக்கு அடிமையானவனுக்குப் புத்தி சொல்வதைப் போல் சுலபமான காரியம் வேறில்லை. நாமும் சொல்லியிருக்கிறோம். சங்க ஆபீஸ் பெஞ்சில் உட்கார வைத்து, பெண்டாட்டி பிள்ளைகளை நினைத்துப் பார் என்று சொல்லி, "மனசு வைத்தால் விட்டுவிடலாம்" என்று எத்தனையோ தொழிலாளிகளுக்கு உபதேசம் செய்திருக்கிறோம். தலையாட்டிவிட்டுப் போனார்கள். சம்பள நாளன்று மீண்டும் குடித்தார்கள். அவர்கள் மீது நமக்குக் கோபம் வந்ததே ஒழிய, நம்முடைய வைத்தியத்தில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்ற சந்தேகம் வரவில்லை. அந்தச் சந்தேகம் வந்த ஒரு மனநோய் டாக்டரின் கதையைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அவர் பெயர் மேரி நைஸ்வாண்டர். அமெரிக்கப் பெண்மணி; 1919-ல் பிறந்தவர். 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். சர்ஜனாக வேண்டும் என்பது அவருடைய ஆசை. யுத்த காலம்தான், ஆனாலும் கடற்படை பெண் சர்ஜன்களை ஏற்கவில்லை. 1945-ல் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் இருந்த சர்க்கார் போதை ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி என்பது பெயருக்குத்தான். 1935-ல் திறந்த அந்த இடத்தில் தண்டனைக் கைதிகளும், தாமாகவே சிகிச்சைக்கு வந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் அடைபட்டுக் கிடந்தார்கள். வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுபடியும் ஊசியைத் தேடினார்கள். பிற்பாடு 1950-களில் அங்கேயே கைதிகள் மீது எல்.எஸ்.டி. போன்ற மருந்துகளைப் பரீட்சித்தார்கள். பணம் கொடுத்தது சி.ஐ.ஏ. உடன்பட்ட கைதிக்குச் சன்மானம் என்ன தெரியுமா? எந்தப் போதையிலிருந்து மீட்பதாகச் சொன்னார்களோ, அதே போதை மருந்து!

சட்டமும் அப்படித்தான் இருந்தது. 1914-ல் ஹாரிசன் சட்டம் வந்தது. போதைக்கு அடிமையானவனின் தவிப்பைத் தணிக்க டாக்டர் மருந்து எழுதிக் கொடுப்பது வைத்தியமே அல்ல என்று 1919-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. டாக்டர்கள் மீதே வழக்குகள் பாய்ந்தன. 1930 முதல் 1962 வரை மத்திய போதைத் தடுப்புப் பீரோவுக்குத் தலைவராக இருந்த ஹாரி அன்ஸ்லிங்கருக்கு ஒரே மருந்துதான் தெரியும்: ஜெயில்.

நைஸ்வாண்டர் நியூயார்க்கில் சொந்த வைத்தியம் தொடங்கினார். அவர் பயின்றது மன அலசல் முறை. நோயாளியைப் பேசவிட்டு, மனத்தின் அடியில் கிடக்கும் காரணத்தைத் தேடுவது. ஜாஸ் வித்வான்கள் வந்தார்கள், ஹார்லெம் ஏழைகள் வந்தார்கள். 1956-ல் அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பே, போதை அடிமை ஒரு நோயாளி என்று அறிவித்தது. ஆனால் நோயாளிகள் குணமாகவில்லை. பேசினார்கள், அழுதார்கள், திரும்பவும் ஹெராயினுக்கே போனார்கள்.

இந்த இடத்தில்தான் நமக்கு அந்த அம்மையார் மீது மதிப்பு பிறக்கிறது. தான் பயின்ற வித்தை பலிக்கவில்லை என்றால் நோயாளியைக் குறை சொல்லிவிட்டுப் போவது பண்டிதர்களின் வழக்கம். அவர் வித்தையைக் குறை சொன்னார். அவருடைய புத்தகத்தைப் படித்துவிட்டுத் தேடி வந்தவர் ராக்ஃபெல்லர் ஆராய்ச்சி நிலையத்து வின்சென்ட் டோல். (ராக்ஃபெல்லர் பணமா என்று தோழர்கள் முகம் சுளிக்க வேண்டாம். விஞ்ஞானம் யார் வீட்டுத் தோட்டத்தில் முளைத்தாலும் விஞ்ஞானமே.) டோல் உடற்பருமனை ஆராய்ந்து வந்தவர். போதைக்கான தவிப்பும் பசியைப் போல உடலின் கோளாறாக இருக்கலாமே என்று அவருக்குப் பட்டது.

1964-ல் இருவரும், மேரி ஜீன் கிரீக் என்ற இளம் டாக்டரும் சேர்ந்து வேலையைத் தொடங்கினார்கள். முதலில் இரண்டு பேருக்கு மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அளவு ஏறிக்கொண்டே போயிற்று. அவர்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து அடுத்த ஊசி எப்போது என்று காத்திருந்தார்கள். பிறகு மெதடோன் கொடுத்தார்கள். ஜெர்மனியில் வலி மருந்தாகத் தயாரித்தது, வாயால் குடிக்கலாம். ஹெராயின் சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மெதடோன் ஒரு நாள் முழுக்க நிற்கும். சரியான அளவில் கொடுத்தால் மயக்கமும் இல்லை, தவிப்பும் இல்லை. அந்த இருவரில் ஒருவன் படம் வரையத் தொடங்கினான். மற்றவன் விட்ட படிப்பை முடிக்க வேண்டும் என்றான். அதுவரை நியூயார்க்கின் எந்த உபதேசியாலும் இதைச் சாதிக்க முடியவில்லை!

பீரோ ஏஜெண்டுகள் வந்து, சட்டத்தை மீறுகிறீர்கள் என்று மிரட்டினார்கள். கோர்ட்டுக்குப் போங்கள் என்று டோல் சொல்லிவிட்டார். அவர்கள் போகவில்லை. 1965-ல் 22 நோயாளிகளைப் பற்றிய கட்டுரை வெளிவந்தது. அதே வருஷம் இருவரும் மணம் செய்துகொண்டார்கள்.

எதிர்ப்பு போலீஸ் தரப்பிலிருந்து மட்டும் வரவில்லை; அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒரு போதையை எடுத்துவிட்டு வேறொரு போதையைப் புகுத்துகிறார்கள் என்று நல்லவர்களே சொன்னார்கள். 1970-ல் பிராங்ஸ் வட்டாரத்து லிங்கன் ஆஸ்பத்திரியில் யங் லார்ட்ஸ், பிளாக் பாந்தர் இளைஞர்கள் ஒரு பகுதியைக் கைப்பற்றி, தாங்களே போதை நிவாரண நிலையம் நடத்தினார்கள். மெதடோனைக் கொண்டு கறுப்பர்களையும் போர்ட்டோ ரிக்கர்களையும் சர்க்கார் தன் பிடியில் வைக்கப் பார்க்கிறது என்பது அவர்களுடைய சந்தேகம். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. 1971-ல் நிக்ஸன் சர்க்கார் மெதடோனை எங்கும் பரப்பியபோது, அதன் கண் நோயாளியின் மீது இருந்ததைவிடக் களவுக் கணக்கின் மீதே இருந்தது. ஆனால் சர்க்காரின் உள்நோக்கத்துக்கு மருந்து பொறுப்பல்ல. நீரிழிவுக்காரன் தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறான். அவனை நாம் இன்சுலின் அடிமை என்று அழைக்கிறோமா?

உண்மையான அநியாயம் வேறு இடத்தில் நடந்தது. 1972-ல் வந்த விதிகள் மெதடோனைத் தனி லைசென்ஸ் பெற்ற கிளினிக்குகளுக்குள் பூட்டின. தினமும் போய், வரிசையில் நின்று, நர்ஸின் கண்ணெதிரே குடிக்க வேண்டும். வேலைக்குப் போகிறவன் எப்படிப் போவான்? பத்து வருஷம் ஒழுங்காக இருந்தவனையும் கைதி போலவே நடத்தினார்கள். இன்று அந்தக் கிளினிக்குகளில் பாதிக்கு மேல் லாபத்துக்காக நடக்கும் தனியார் ஸ்தாபனங்கள். நோயாளி தினமும் வந்தால்தான் அவர்களுக்குக் காசு!

இன்னொரு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். பர்டியூ என்ற மருந்துக் கம்பெனி 1996-ல் ஆக்ஸிகான்டின் மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் அபாயத்தை மறைத்து விற்றதற்காக 2007-ல் கம்பெனி குற்றத்தை ஒப்புக்கொண்டது. மூன்று அதிகாரிகள் தண்டனை பெற்றார்கள். ஒருவர்கூட ஜெயிலுக்குப் போகவில்லை. 2020-ல் மீண்டும் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அப்போதும் யாரும் போகவில்லை. 2021, 2022, 2023 ஆகிய மூன்று வருஷங்களிலும், வருஷத்துக்கு ஒரு லட்சம் பேருக்கு மேல் அமெரிக்காவில் போதை மருந்து மிகையால் மாண்டார்கள். தெருவில் ஒரு பொட்டலத்துடன் அகப்பட்டவன் மட்டும் கம்பி எண்ணுகிறான்.

நைஸ்வாண்டர் 1986-ல் புற்றுநோயால் இறந்தார். 2005-ல் உலக சுகாதார ஸ்தாபனம் மெதடோனை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. கோவிட் காலத்தில், 2020-ல், பல நாள் மருந்தை வீட்டுக்கு எடுத்துப்போக அமெரிக்க சர்க்கார் அனுமதித்தது. 2024-ல் அதை நிரந்தர விதியாக்கியது. ஆனாலும் போதை நோய்க்கான மெதடோனை டாக்டர் சீட்டுடன் மூலையிலுள்ள மருந்துக் கடையில் வாங்க அங்கே இன்னும் வழியில்லை. பக்கத்து நாடான கனடாவில் வாங்கலாம்.