வீட்டுக்குள் விஞ்ஞானம்: பெரியம்மாவின் பவுடர் டப்பா

எங்கள் தெருவில் நாலு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. நாற்பது வருஷம் விறகடுப்பில் சமைத்தவர். வீட்டில் யாருக்கும் பீடி, சிகரெட் பழக்கம் கிடையாது. ஆனாலும் நுரையீரல் கெட்டுவிட்டது. அடுப்புப் புகையை அத்தனை வருஷம் சுவாசித்ததன் பலன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது தினமும் பல மணி நேரம் மூக்கில் மெல்லிய குழாயை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ஒரு பெட்டி, 'உஸ்... புஸ்' என்று ஓடிக்கொண்டிருக்கும். காற்றிலிருந்து பிராணவாயுவைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின் அது.

போன மாதம் ஒரு மத்தியானம் அவருடைய மருமகள் இடுப்பில் குழந்தையோடு ஓடி வந்தாள்.

"அக்கா, கொஞ்சம் வந்து அத்தைகிட்ட சொல்லுங்க. ரெண்டு நாளா மெஷினைப் போட மாட்டேங்கிறாங்க. ஏதோ பவுடர் கலக்கிக் குடிக்கிறாங்க."

போய்ப் பார்த்தேன். பெரியம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் பளபளவென்று ஒரு டப்பா.

"வாம்மா. தெரிஞ்ச பொண்ணு ஒருத்தி கொண்டாந்து குடுத்தா. மூவாயிரம் ரூபா. கல்லை அரைச்ச பவுடராம். உடம்புல இருக்கிற விஷத்தையெல்லாம் இழுத்துக்கிட்டு வெளிய போயிடுமாம். அப்புறம் இந்தக் குழாயே வேணாமாம்" என்றார். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினார்.

டப்பாவைத் திருப்பிப் பார்த்தேன். 'ஜியோலைட்' என்று போட்டிருந்தது.

"பெரியம்மா, முதல்ல குழாயை மாட்டுங்க. இந்தக் கல்லு உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கு. அந்தப் பெட்டிக்குள்ளேதான் இருக்கு" என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். ஆகவே இந்த இதழில் ஜியோலைட்டைப் பற்றியே பேசிவிடலாம்.

கொதிக்கும் கல்

1756-ல் ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த கிரான்ஸ்டெட் என்ற கனிம நிபுணர் ஒரு கல்லைச் சூடாக்கினார். அது உலைத் தண்ணீர் போல் பொங்கி ஆவி விட்டது. கிரேக்க மொழியில் 'கொதிக்கும் கல்' என்று பொருள்படும்படி ஜியோலைட் என்று பெயர் வைத்தார். நம் நாட்டில் இந்தக் கற்கள் புனே, நாசிக், ஜல்காவ் பக்கத்து எரிமலைப் பாறைகளில் ஏராளம். கல் உடைக்கும் குவாரிகளில் பாறையின் பொந்துக்குள் பூங்கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். ஆலைகளுக்கு வேண்டியதை இப்போது பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே தயாரிக்கிறார்கள்.

கல்லுக்குள் ஏது தண்ணீர்? ஜியோலைட்டின் உள்ளே தேன்கூடு போல எண்ணற்ற அறைகள். கண்ணுக்கு மட்டுமல்ல, சாதாரண மைக்ராஸ்கோப்புக்கும் தெரியாத அளவு சின்ன அறைகள். அவற்றில் தண்ணீர் புகுந்து உட்கார்ந்திருக்கும். அறையின் வாசல் எந்த அளவோ அதற்குத் தக்கதுதான் உள்ளே போகமுடியும். நம் வீட்டில் ரவைக்கு ஒரு சல்லடை, மாவுக்கு ஒரு சல்லடை வைத்திருக்கிறோமே, அதே மாதிரி இது அணுக்களுக்கான சல்லடை.

பெட்டிக்குள் நடப்பது

நாம் சுவாசிக்கும் காற்றில் நூற்றுக்கு 78 பங்கு நைட்ரஜன், 21 பங்கு பிராணவாயு. பெரியம்மாவின் மெஷின் அறைக் காற்றை உறிஞ்சி, அழுத்தி, ஜியோலைட் மணிகள் நிரம்பிய உருளைக்குள் தள்ளுகிறது. அழுத்தத்தில் நைட்ரஜனை ஜியோலைட் பிடித்து வைத்துக்கொள்கிறது. பிராணவாயு நழுவி வெளியே வருகிறது. சில விநாடிகளில் அந்த உருளை நிரம்பிவிடும். உடனே வேலை பக்கத்து உருளைக்கு மாறும். முதல் உருளையின் அழுத்தத்தைத் திறந்துவிட்டதும் பிடித்திருந்த நைட்ரஜன் வெளியேறுகிறது. அந்த 'புஸ்' சத்தம் அதுதான். இப்படி மாறி மாறி நடந்து, குழாய் வழியே வரும் காற்றில் சுமார் 90 பங்குக்கு மேல் பிராணவாயு இருக்கும். கல் செலவாவதில்லை. ஆனால் ஈரம் ஏறினால் கெட்டுவிடும்.

2021 கோடையில் கொரோனா இரண்டாம் அலையின்போது பிராணவாயுவுக்காக நாடே தவித்ததை நாம் மறக்கமுடியுமா? அந்த மே மாதம் ரோம் நகரிலிருந்து ஏர் இந்தியா விமானங்களில் டன் கணக்கில் பெங்களூருக்கு வந்து இறங்கியது இந்த ஜியோலைட்தான். தேஜஸ் போர் விமானத்தின் விமானிக்குப் பிராணவாயு தருவதற்காக நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ. உருவாக்கிய முறையைக் கொண்டு, நிமிஷத்துக்கு 1,000 லிட்டர் தரும் ஆலைகளை ஆஸ்பத்திரிகளில் நிறுவினார்கள். அவற்றைச் செய்து கொடுத்த கம்பெனிகளில் ஒன்று நம் கோயமுத்தூரைச் சேர்ந்தது.

நம் தாம்பரத்துக்கும் மூச்சுக்கும் பழைய சம்பந்தம் உண்டு. 1928-ல் டாக்டர் சௌரிமுத்து இங்கே காசநோயாளிகளுக்காக சானடோரியம் தொடங்கினார். 1937-ல் அது அரசாங்கத்தின் கைக்கு வந்தது. நல்ல காற்றும் ஓய்வும்தான் அன்றைக்கு வைத்தியம். இன்று நல்ல காற்றை வடிகட்டித் தர ஒரு கல் வந்திருக்கிறது.

உப்புத் தண்ணீரும் மின்சார ரயிலும்

சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு போர் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, வாளியில் வெள்ளைப் படிவு. தண்ணீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் செய்கிற வேலை இது.

ஜியோலைட்டின் அறைகளில் சோடியம் லேசாக உட்கார்ந்திருக்கும். தாம்பரம் - பீச் ரயிலில் பருமனான ஒருவர் ஏறினால், ஒல்லியான இரண்டு பேர் எழுந்து இடம் கொடுப்பதுபோல, ஒரு கால்சியம் வந்தால் இரண்டு சோடியம் எழுந்து தண்ணீருக்குள் போய்விடும். தண்ணீர் மென்மையாகிவிடும். அறைகள் நிரம்பியதும் கெட்டியான உப்புத் தண்ணீரை ஊற்றினால், சோடியம் கூட்டமாக ஏறிக் கால்சியத்தை வெளியே தள்ளிவிடும். சாஃப்ட்னருக்கு உப்பு போடுவது இதற்காகத்தான். இன்றைய சாஃப்ட்னர்களில் கல்லுக்குப் பதிலாக ரெசின் என்ற செயற்கை மணிகள் இருக்கின்றன, தத்துவம் ஒன்றுதான். அந்தத் தண்ணீரில் சோடியம் கூடியிருக்கும். குளிக்க, துவைக்க உபயோகியுங்கள். ரத்த அழுத்தக்காரர்கள் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம்.

சில சலவைப் பவுடர்களில் பாஸ்பேட்டுக்குப் பதிலாக ஜியோலைட் சேர்க்கிறார்கள். பாஸ்பேட் ஏரிகளில் கலந்தால் பாசி மண்டி மீன்கள் மூச்சு முட்டிச் சாகும். ஜியோலைட்டில் அந்தத் தொல்லை இல்லை. பெட்ரோலிய ஆலைகளில் கனமான எண்ணெயை உடைத்துப் பெட்ரோலும் சமையல் காஸும் எடுக்கவும் இது வேண்டும். 2011-ல் ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தில் தண்ணீரில் கலந்த கதிரியக்க சீசியத்தைப் பிடிக்கவும் இதைத்தான் உபயோகித்தார்கள்.

அப்படியானால் குடித்தால் என்ன?

பெரியம்மாவும் இதையேதான் கேட்டார். "இவ்வளவு நல்ல கல்லுன்னு நீயே சொல்றியே, குடிச்சா மட்டும் என்ன கெடுதல்?"

ஜியோலைட் கரையாது. வயிற்றில் போய், குடல் வழியே வெளியே வந்துவிடும். ரத்தத்துக்கே போகாத பொருள் நுரையீரலை எப்படிச் சுத்தம் செய்யும்? தவிர, அதற்கு நல்லது கெட்டது தெரியாது. நாம் சாப்பிடும் மருந்தையும் உடம்புக்கு வேண்டிய தாதுக்களையும்கூடப் பிடித்துக்கொள்ளலாம். பூமியிலிருந்து எடுத்த கல்லில் ஈயம் போன்றவை ஏற்கெனவே ஒட்டியிருக்கவும் கூடும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியவர்களுக்கு, இதே மாதிரி குடலில் பொட்டாசியத்தை மட்டும் பிடிக்கும் ஒரு மருந்து இருக்கிறது. 2018-ல் அமெரிக்காவில் அதை அனுமதித்தார்கள். ஆனால் அது சோதித்து, அளவு பார்த்து, டாக்டர் எழுதித் தரும் மருந்து. தெருவில் விற்கும் டப்பா அல்ல.

'இயற்கைதானே' என்பதும் சமாதானம் ஆகாது. துருக்கியில் சில கிராமங்களில் எரியோனைட் என்ற ஜியோலைட் வகை, வீடு கட்டும் கல்லிலேயே இருந்தது. ஊசி போன்ற அதன் தூசியைச் சுவாசித்தவர்கள் பலர் நுரையீரல் உறையில் புற்றுநோய் வந்து மாண்டார்கள். எல்லா ஜியோலைட்டும் அப்படியல்ல. ஆனால் நோயுள்ள நெஞ்சுக்கு எந்தக் கல்தூசியும் ஆகாது.

வீட்டில் இந்த மெஷின் இருந்தால்

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்காக இவற்றை மனதில் வையுங்கள்:

1. டாக்டர் சொன்ன அளவைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அளவு கூடினால் சில நோயாளிகளுக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும்.

2. மெஷின் ஓடும்போது பக்கத்தில் அடுப்பு, குத்துவிளக்கு, ஊதுவத்தி, கொசுவத்திச் சுருள் எதுவும் கூடாது. பிராணவாயு நெருப்பை வளர்க்கும்.

3. மூக்கு காய்ந்தால் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். தண்ணீர் கலந்து செய்த களிம்பு எது என்று டாக்டரைக் கேளுங்கள்.

4. ஈரப்பதத்துக்கான புட்டியில் நம் போர் தண்ணீர் உதவாது. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். தினமும் மாற்றுங்கள்.

5. காற்று நுழையும் பக்கத்து வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள். மெஷினைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள்.

6. கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும். சின்ன சிலிண்டர் ஒன்று கைவசம் இருக்கட்டும்.

7. தவழும் குழந்தைக்குக் குழாய் ஒரு விளையாட்டுச் சாமான். கண் வைத்திருங்கள்.

அன்றைக்கு மருமகள் குழாயை மாட்டிவிட்டாள். அரை மணியில் உதட்டின் நீலம் குறைந்தது. அப்படிக் குறையாமலிருந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடியிருக்க வேண்டும். மறுநாள் டாக்டரிடமும் காட்டிவிட்டு வந்தார்கள்.

டப்பா கொடுத்த பெண் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தாளாம். மீதி வருமா என்று பெரியம்மாவுக்கு இன்னும் ஏக்கம். ஆனால் சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் 'உஸ்... புஸ்' கேட்கிறது. பேரனை மடியில் போட்டுக்கொண்டு, "உள்ள கல்லு இருக்குடா, பாட்டிக்கு மூச்சு குடுக்குற கல்லு" என்று கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். மூன்று இடத்தில் நிற்காமல் சொல்லி முடிக்கிறார்.