சிங்கி சம்பாதித்த சிலம்பு

திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியில் வசந்தவல்லியின் காதலே உயர்ந்தது, சிங்கனும் சிங்கியும் சிரிப்புக்கு மட்டுமே என்கிறார் நண்பர். பச்சைமலை அடிவாரத்தில் இருந்து நான் அழுத்தமாக மறுக்கிறேன்.

வசந்தவல்லி பந்தாடுகிறாள், உலா வந்த குற்றாலநாதரைக் கண்டு மயங்குகிறாள், நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள். அவருடன் அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் கையில் இருப்பது குறத்தி சிங்கி சொன்ன குறி மட்டும்தான்.

சிங்கனைப் பாருங்கள். பறவை பிடிப்பதை விட்டுவிட்டு மனைவியைத் தேடி அலைகிறான். கண்டதும் அவள் காலைப் பார்த்து, விரியன் கடித்துக் கிடக்கிறதே என்று பதறுகிறான். சேலத்து நாட்டில் குறி சொல்லிப் பெற்ற சிலம்பு என்கிறாள் சிங்கி. ஒவ்வொரு நகையாக அவன் சந்தேகத்தோடு கேட்கிறான். அவளும் தலைநிமிர்ந்து பதில் சொல்கிறாள். எல்லாம் அவள் உழைப்பு.

ஷேக்ஸ்பியரின் ஒரு நாடகத்தில் கிளாடியோ, தன் மணப்பெண் ஹீரோவிடம் தனியே விசாரிக்காமல், மணமேடையிலேயே பழி சுமத்தினான். சிங்கனோ சந்தேகத்தை நேருக்கு நேர் கேட்டுத் தீர்த்துக்கொண்டான். குடும்பம் நிலைப்பது இப்படிப் பேசித் தீர்ப்பதால்தான். நீடித்து வாழப்போகும் சோடி எது என்றால், என் பதில் சிங்கனும் சிங்கியும்தான்.