பைக்குள் இருக்கும் நிறைகல்



நம் சபையில் கடை நடத்துவோரும், பட்டறை வைத்திருப்போரும், பலருக்கு வேலை கொடுப்போரும் உண்டு. கல்லாப்பெட்டிக்கு மேலே வேதவசனப் பலகை தொங்குவது நல்லதே. ஆயினும் ஜனங்கள் அந்தப் பலகையைக் கொண்டு நம்மை நம்புவதில்லை. அதன்கீழ் நடக்கும் வியாபாரத்தைப் பார்த்தே நம்புகிறார்கள்.

பெரிதும் சிறிதுமாக இருவகை நிறைகற்களை வைத்திருக்கலாகாது என்று உபாகமம் 25-ஆம் அதிகாரத்தில் கர்த்தர் தம் ஜனத்தை எச்சரிக்கிறார். அந்தக் கல் பைக்குள் இருப்பதைக் கவனியுங்கள். வாங்க வருகிறவன் அதைச் சோதித்தறிய இயலாது. அப்படிச் சோதிக்க இயலாதவனிடத்தில் நாம் நடந்துகொள்ளும் விதமே நம் தேவபக்தியின் அளவு.

17-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய குவேக்கர் விசுவாசிகளில் வணிகர் பலர் இருந்தனர். மனிதருக்குத் தொப்பியைக் கழற்றி மரியாதை செய்ய அவர்கள் மறுத்தார்கள். அதனால் ஜனங்கள் விலகிச் சென்றனர். சிலருக்கு அன்றாட ஆகாரத்திற்கே பணம் கிடைப்பது அரிதாயிற்று என்று அவர்கள் தலைவர் ஜார்ஜ் ஃபாக்ஸ் தம் நாட்குறிப்பில் எழுதியுள்ளார். பேரம் பேசுவதே வழக்கமான அக்காலத்தில் அவர்கள் ஒரே விலை சொல்லி விற்றார்கள். நாளடைவில், ஒரு சிறுபிள்ளையை அனுப்பினாலும் இவர்கள் ஏமாற்றமாட்டார்கள் என்று கண்ட ஜனங்கள் அவர்களைத் தேடி வந்தார்கள்.

அந்தச் சிறுபிள்ளை இன்று உங்களிடத்தில் யார்? பில்லை வாசிக்கத் தெரியாத மூதாட்டியாயிருக்கலாம். கணக்குக் கேட்கத் துணியாத தொழிலாளியாயிருக்கலாம். பொழுது சாயுமுன் கூலியைக் கொடுத்துவிடும்படி நியாயப்பிரமாணம் கட்டளையிடுகிறது. பணம் கையிலிருந்தும் சம்பளத்தை நிறுத்திவைத்து, அதே வாரத்தில் தாராளமாய்க் காணிக்கை செலுத்துவது ஆராதனையாகாது என்பதே என் துணிபு. அந்தக் காணிக்கை கூலிக்காரனுடைய பணம்.

“இப்படி இருந்தால் போட்டியில் நிற்க முடியுமா, ஐயா?” என்று கேட்பீர்கள். நஷ்டமே வராது என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்த வாக்கினால் இழப்பு நேர்ந்தாலும் அதை மாற்றாதவனையே, தேவசமுகத்தில் தங்கத் தகுந்தவனாக 15-ஆம் சங்கீதம் காட்டுகிறது.

ஆகவே, வருகிற ஞாயிறு ஆராதனைக்கு வருமுன் உங்கள் சம்பளக் கணக்கைத் திறந்து பாருங்கள். யாருக்கேனும் பாக்கி இருந்தால் முதலில் அதைக் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் கைகளின் பிரயாசத்தைக் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.