மாறுவேடம் போட வேண்டியது யார்?

சிங்கப்பூர் ஸ்லிங் என்ற காக்டெயில் பிறந்த கதையை ராஃபிள்ஸ் ஹோட்டல் இப்படிச் சொல்கிறது. அந்தக் காலத்தில் பெண்கள் பலர் முன்னிலையில் மது அருந்துவது நாகரிகமாகக் கருதப்படவில்லை. பழச்சாறும் தேநீரும்தான் அவர்களுக்கு. 1915ல், அங்குப் பணியாற்றிய ஹைனான் சீனரான ஙியாம் டோங் பூன், பார்ப்பதற்குப் பழச்சாறு போலவே இருக்கும் இளஞ்சிவப்பு ஜின் பானம் ஒன்றைக் கலக்கினார். பெண்கள் கைக்கும் கிளாஸ் வந்தது. யாரும் கேள்வி கேட்கவில்லை.

நூறாண்டு கடந்து, என் வயது மாணவர்களிடையே நான் பார்ப்பது இதற்கு நேர்மாறு. தேர்வு முடிந்து நண்பர் வீட்டில் கூடினால், மது வேண்டாம் என்பவர்தான் இப்போது மாறுவேடம் போடுகிறார். டானிக் தண்ணீரில் எலுமிச்சைத் துண்டைப் போட்டுக்கொண்டு, ஜின் என்று மற்றவர்கள் நினைக்கட்டும் என விட்டுவிடுகிறார். இல்லாவிட்டால் “ஏன் குடிக்கல? மருந்து சாப்பிடுறியா? வீட்ல திட்டுவாங்களா?” என்று விசாரணை தொடங்கிவிடும். சமயம், உடல்நலம், குடும்பத்தில் குடியால் பட்ட துன்பம் எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். சும்மா பிடிக்கவில்லை என்பதும் காரணம்தான். அதை ஏன் கூட்டத்துக்கு நடுவே விளக்க வேண்டும்?

குடிப்பவர்களுக்குப் பாடம் நடத்த நான் வரவில்லை. சிங்கப்பூரில் 18 வயது நிரம்பாதவருக்கு மது விற்கக்கூடாது. அந்த வயதைத் தாண்டியவருக்கு அது அவரவர் முடிவு. நான் பேசுவது விருந்து கொடுப்பவரைப் பற்றி.

இதே ஸ்லிங்கை வீட்டில் செய்வதாக வைத்துக்கொள்வோம். அனைத்துலக பார்டெண்டர்கள் சங்கத்தின் செய்முறையில் ஒரு கிளாஸுக்கு ஜின் 30 மில்லிலிட்டர்தான். ஆனால் செர்ரி மது 15, ஆரஞ்சு மணமுள்ள குவாந்த்ரோ 7.5, மூலிகை மதுவான பெனடிக்டின் 7.5 என்று இன்னொரு 30 மில்லிலிட்டர் சேர்ந்துவிடுகிறது. மேலே 120 மில்லிலிட்டர் அன்னாசிச் சாறு, 15 எலுமிச்சைச் சாறு, 10 மாதுளைப் பாகு, அங்கஸ்டூரா பிட்டர்ஸ் சில சொட்டு. அந்த இனிப்பில் மது தெரியாது. எவ்வளவு உள்ளே போனது என்பது குடிப்பவருக்கே தெரியாது.

அதனால் நான் செய்தால், சாறுகளையும் பாகையும் மட்டும் முதலில் ஒன்றாகக் கலக்குவேன். அன்னாசிச் சாற்றை ஐஸ்கட்டியோடு மூடிக் குலுக்கினால் நுரை ததும்பும். இந்தப் பானத்தின் அழகே அதுதான். மாதுளைப் பாகு இல்லையா? பாண்டுங் கலக்க வாங்கிய ரோஸ் சிரப் போதும். மரபு பார்ப்பவர்கள் மன்னிக்கவும். 1922ல் ராபர்ட் வெர்மெய்ர் வெளியிட்ட ‘ஸ்டிரெய்ட்ஸ் ஸ்லிங்’ செய்முறையில் அன்னாசியே கிடையாது, எனவே ‘அசல்’ என்று சண்டை பிடிக்கவும் வழியில்லை. மது கடைசியில், ஒவ்வொரு கிளாஸாக, அளந்து, கேட்டவருக்கு மட்டும். சில சொட்டுதானே என்று அங்கஸ்டூராவைப் பொது ஜாடியில் விட்டுவிடாதீர்கள். அதிலும் மது உண்டு.

எல்லார் கையிலும் ஒரே நிறம், ஒரே நுரை. யார் கிளாஸில் என்ன என்பது கலக்கியவருக்கும் குடிப்பவருக்கும் தெரிந்தால் போதும்.

இதுவும் மாறுவேடம்தானே என்று என் தோழி கேட்டாள். ஓரளவு உண்மைதான். விசாரணை நின்றுவிட்டால் இந்த ஏற்பாடே தேவைப்படாது. அடுத்த விருந்தில் “உனக்கு என்ன வேணும்?” என்று கேளுங்கள். பதில் ‘மைலோ’ என்றால், ஐஸ் போடவா என்பது மட்டுமே அடுத்த கேள்வியாக இருக்கட்டும்.